முப்பத்து நாலு டிகிரி

எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, எறும்பு கடித்தாலும் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் ஏறக்குறைய ஒரு வருசம் மறைத்தவள் நான். வாயை மூடிக்கொண்டு மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிகிறது, தெரிகிறது என்று வாயைத் திறந்து வேறு சொல்லித் தொலைத்தேன்.

சொல்ல வேண்டிய ஆள் என் வீட்டுக்காரர் முத்துராஜா. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீடு. மலைமேல் ஏலத்தோட்டங்களில் பச்சைக் காயைக் காயவைக்க ஸ்டோர் என்று ஒரு கட்டடம் வைத்திருப்பார்கள். அதற்கு அடுப்பும் புகைக்குழாயும் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அடுப்பு வெளியே எரியும். அனலும் புகையும் இரும்புக் குழாய்க்குள் நுழைந்து ஸ்டோரின் தரையோடு வளைந்து ஓடி, மறுபக்கம் கூரைக்கு மேலே போய்விடும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாக ஏலக்காய் கிடந்து காயும். கம்பம்மெட்டு தாண்டி எந்த எஸ்டேட்டில் கேட்டாலும் அடுப்புக்காரர் முத்து என்றால் தெரியும். ஸ்டோருக்குள் கையை நீட்டியே ஐம்பது டிகிரியா ஐம்பத்தைந்தா என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் முன்னே பின்னே இருக்கும். அந்தக் கைமேல் அவருக்கு அப்படியொரு கர்வம்.

உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் நான் விழுந்தேன். வண்டியை அவர் ஓட்டினார். நான் பின்னால் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் யாரோ கொடுத்த பன்னீர் திராட்சை ஒரு பை. போகிற வழியில் அவர் அக்கா வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றார். அந்த அம்மாவின் வாய்க்குப் பயந்து நான் முடியாது என்றேன். சண்டை. கோபத்தில் வண்டியைக் கொஞ்சம் முறுக்கினார். வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை குறுக்கே கிடந்தது. திராட்சை நசுங்கிவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பையைத்தான் பிடித்திருந்தேன். அவர் இடுப்பைப் பிடித்திருக்க வேண்டிய கை. கூறுகெட்டவள் நான்.

எந்த அக்கா வீட்டுக்கு வரமாட்டேன் என்று மல்லுக்கட்டினேனோ அந்தச் சங்கிலியம்மாள் மதினிதான் அன்றையிலிருந்து என்னோடு தங்கி என்னைக் குளிப்பாட்டித் துடைத்து விடுகிறார். இதற்கு நான் என்ன சொல்ல?

மதுரையில் முதுகைக் கிழித்துக் கம்பி வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் என் வீட்டுக்காரர் கட்டில் காலடியில் வந்து நின்றார். தாடி மண்டிக் கிடந்தது. சோறு தண்ணி இல்லாமல் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என் கட்டைவிரலைப் பிடித்தார். பிடித்தது எனக்குக் கண்ணால்தான் தெரிந்தது.

"லதா, இங்கன தொடுறேன். தெரியுதா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"லேசாத் தெரியுதுங்க" என்றேன்.

"நெசமாவா?"

"சத்தியமா."

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் நாலு இட்லி சாப்பிட்டார் என்று மதினி சொன்னார். நாலு இட்லிக்காகச் சொன்ன பொய் அது. ஒரு வாரம் போனதும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். திருப்பூரில் கட்டிக் கொடுத்த எங்கள் மகள் சுபாஸ்ரீக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு உணர்ச்சி வந்துருச்சுத்தா" என்று அழுதார். அவள் அந்தப் பக்கம் அழுதாள். நான் இந்தப் பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு கம்பத்திலிருந்து ஜெபஷீலா என்கிற பெண் வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டியில் வந்து கைகாலை மடக்கி நீட்டிவிடுவாள். பிசியோதெரபி படித்தவள். சின்ன வயசு, ஆனால் கண்டிப்பு. ஒருநாள் பேச்சுவாக்கில் அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"தண்ணிக்குள்ள வச்சு எக்சசைஸ் குடுத்தா அக்காவுக்கு ரொம்ப நல்லதுண்ணே. இறுக்கம் விடும். மதுரையில ஒரு எடத்துல அதுக்குன்னே தொட்டி வச்சிருக்காக. ஆனா வாரத்துக்கு ரெண்டு தரம் இவகளக் கார்ல போட்டுத் தூக்கிட்டுப் போக முடியாது."

"எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? தொட்டிதான? இங்கனயே கட்டிட்டாப் போச்சு" என்றார் இவர்.

"தண்ணி முப்பத்து நாலு டிகிரி இருக்கணும். அதுக்கு மேலயும் கூடாது, ரொம்பக் கொறையவும் கூடாது. தெர்மாமீட்டர் வச்சுத்தான் பாக்கணும். கைய விட்டுப் பாக்கக் கூடாது."

கையை விட்டுப் பார்க்கக் கூடாது என்றதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே கொல்லையில் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு முருங்கைக்கு நடுவே எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி ஆழம். திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் பண்ணைக் குட்டைக்கு விரிக்கிற நீலப் பிளாஸ்டிக் விரிப்பை முதலில் கொண்டுவந்து விரித்தார். மூன்றாம் நாள் எங்கோ கிழிந்து கொல்லை முழுக்கச் சேறாகிவிட்டது. பிறகு செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்ட் பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். கொத்தனாரை நம்பாமல் மட்டக்கோலை அவரே வைத்துப் பார்த்தார். மலையிலிருந்து எஸ்டேட்காரர்கள் போன் போட்டால், "இப்ப வரான் பற்றில்ல சேட்டா" என்று, இப்போது வர முடியாது என்பதை மலையாளத்தில் சொல்லி வைத்துவிடுவார். இரண்டு மாசம் அந்தத் தொட்டியைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

என்னை உள்ளே இறக்குவதற்கு இரும்புத் தூண் நட்டு உத்தரம் போட்டு, பட்டறையிலிருந்து செயின் பிளாக்கைக் கொண்டுவந்து மாட்டினார். லாரி இஞ்சினைத் தூக்குவார்களே, அதேதான். தார்ப்பாயில் தைத்த தூளியில் என்னை உட்கார வைத்துச் சங்கிலியை இழுத்தால் நான் நாற்காலியிலிருந்து எழும்பி அந்தரத்தில் தொங்குவேன்.

"ஏலே தம்பி, பொண்டாட்டியக் கட்டித் தொங்கவிட்ட மொத ஆளு நீதாண்டா" என்றார் மதினி. "நல்லா முடிஞ்சிருக்கியா பாரு. கீழ விட்டுட்டு இன்னொரு தரம் மதுரைக்கு ஓட என்னால முடியாது."

"நீங்க சும்மா இருங்க மதினி" என்று நான் அங்கிருந்தே கத்தினேன். "நானே பயந்து போய்க் கெடக்கேன்."

முதல் நாள் கல்யாண வீட்டு அண்டா இரண்டை வாடகைக்கு எடுத்து வெந்நி போட்டு ஊற்றினார்கள். நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணிக்கு இரண்டு அண்டா வெந்நி எந்த மூலைக்கு? தண்ணி கொஞ்சம் குளிர் விட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நாளை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

தண்ணி நெஞ்சுக்கு வந்ததும் என் உடம்பு எழும்பியது. பத்து மாசமாக நான் மூட்டை. புரட்ட ஒரு ஆள், தூக்க ஒரு ஆள், பிடிக்க ஒரு ஆள். எழுபது கிலோ மூட்டையை இரண்டு பேர் முக்கி முனகித் திருப்பும்போதெல்லாம் வெட்கத்தில் செத்திருக்கிறேன். தண்ணிக்குள்ளே அந்தக் கனம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சுவரில் ஒரு கையை வைத்து லேசாகத் தள்ளினேன். நகர்ந்துவிட்டேன். நானாக. யாரும் பிடிக்காமல். என் கால் இரண்டும் எனக்கு முன்னால் மிதந்து மேலே வந்தன, பத்து விரலும் தண்ணிக்கு வெளியே எட்டிப் பார்த்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுபக்கச் சுவருக்குத் தள்ளிக்கொண்டு போனேன், திரும்பி வந்தேன். ஆத்தாடி, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்லுவேன்!

அவர் விளிம்பில் குந்தியிருந்தார். நான் சிரித்ததைப் பார்த்து அவர் முகமும் மலர்ந்துவிட்டது.

"காலுல தண்ணி தெரியுதா லதா? குளுந்தாப்ல இருக்கா?"

நான் சொல்ல நினைத்தது வேறு. கனமே இல்லைங்க, நானே நகர்கிறேன் பாருங்க என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது கால். அவர் குழி வெட்டியது காலுக்கு. கனம் இல்லை என்று சொன்னால் அவருக்கு அது போதாது என்று எனக்குப் பட்டது.

"தெரியுதுங்க" என்றேன்.

"எம்புட்டு தூரம்?"

"பாதம் வரைக்கும்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அண்டா வெந்நி சரிப்பட்டு வரவில்லை. ஊற்றி முடிப்பதற்குள் ஆறிவிடும். ஒரு வாரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கிறுக்கன், கிறுக்கன், என்னச் செருப்பால அடிக்கணும்" என்றார்.

"அடிச்சிட்டாப் போச்சு. எதுக்கு?" என்றேன்.

"ஊர் ஏலக்காய்க்கெல்லாம் சூடு போடுறவன் எம் பொண்டாட்டிக்குப் போடத் தெரியாம அண்டாவத் தூக்கிட்டுத் திரியுறேன் பாரு."

ஸ்டோருக்குப் போடுகிற அதே வேலைதான். தொட்டிக்கு வெளியே அடுப்பு. அதிலிருந்து ஆறு இஞ்ச் இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு தொட்டித் தரைக்கு வந்து, மூன்று பக்கமும் சுவர் ஓரமாகவே ஓடி, கடைசியில் மேலேறிப் புகையை முருங்கைக்கு மேலே விட்டது. ஸ்டோரில் குழாய்க்கு மேலே தட்டு இருக்குமே, அந்த மாதிரி மரச்சட்டங்களை வரிசையாக ஆணி அடித்துக் குழாயை மூடினார். ஒன்றரை மணி நேரம் புளியங்கட்டையை எரித்தால் தண்ணி முப்பத்து நாலுக்கு வந்துவிட்டது. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்க்குமுன்பு கையை விட்டு, "முப்பத்து மூணரை" என்பார். மீட்டரும் அதையே சொல்லும். குழந்தை மாதிரி சந்தோசப்படுவார்.

ஜெபஷீலா பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"கொழாய எதுக்குண்ணே தண்ணிக்குள்ள விட்டீக? வெளியவே சூடு பண்ணி மோட்டார் வச்சு உள்ள விடலாம்ல?"

"மேல கட்டை இருக்கும்மா. காலு எப்படிப் படும்? அடுப்பு வாய்ப்பக்கம் ஒரு மொழம் மட்டும்தான் கொதிக்கும். அங்கன ரெட்டைச் சட்டம் போட்டிருக்கேன்."

"அக்காவுக்குக் காலுல பட்டா..."

"அதான் அவளுக்குத் தெரியுதுல்ல" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "சுட்டாச் சொல்லமாட்டாளா?"

நான் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முழம் தள்ளி. ஜெபஷீலா என்னைப் பார்த்தாள். நான் முருங்கையைப் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் விறகு எடுக்கப் போனதும் அவள் என் கண்ணை மூடச் சொன்னாள். எப்போதும் செய்கிற சோதனைதான். பின்னூசியால் குத்துவாள், எங்கே குத்தினேன் என்று கேட்பாள். நான் இடது பாதம் என்றேன். வலது முழங்கால் என்றேன். கண்ணைத் திறந்தபோது ஊசி அவள் கையில் மூடியபடியே இருந்தது.

"நான் குத்தவே இல்லக்கா" என்றாள். "எங்கிட்ட எதுக்கு? அண்ணங்கிட்டச் சொல்லாம இருக்கீக, அது உங்க ரெண்டு பேரு பாடுன்னு இம்புட்டு நாளா விட்டேன். இப்ப அடுப்பு வந்துருச்சு. நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

"நானே சொல்லிர்றேன். ஒரு வாரம் குடு."

"ஒரு வாரந்தான். ஊருல சித்தப்பா மக கல்யாணம், போயிட்டு வந்துர்றேன். வந்ததும் கேப்பேன். அதுவரைக்கும் தொட்டிக்குள்ள எறங்காதீக."

இறங்காதே என்றால் கேட்கிற ஆளா நான்? அந்த நாலு சுவருக்குள்ளேதான் நான் மனுஷி. மீதி நேரம் மூட்டை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கால் தெரியவில்லை என்றால் தொட்டி எதற்கு என்று விட்டுவிடுவார். மனசு ஒடிந்து, பழைய தாடியோடு தின்னாமல் கொள்ளாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவார். அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி என்று அந்தப் பொய்யை இழுத்தேன். நியாயமாகச் சொன்னால் எனக்காக முக்கால்.

ஆடி மாசம். மலைக் கணவாயிலிருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு இறங்கியது, கூடவே சாரல். மத்தியானம் இரண்டு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. தண்ணி சூடேறாமல் முப்பதிலேயே நின்றது. "இன்னைக்கு வேணாமா?" என்று அவர்தான் கேட்டார். "எறக்கி விடுங்க, உள்ள கெடந்தே சூடாக்கிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் இருந்தேன். மறுநாள் ஜெபஷீலா வந்துவிடுவாள். கடைசியாக ஒருதரம் மிதந்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இறங்கியதும் தோளெல்லாம் நடுங்கியது. அடுப்புப் பக்கத்துச் சுவரில் தண்ணி கொஞ்சம் கதகதவென்று இருந்ததால் அங்கேயே போய்ச் சாய்ந்துகொண்டேன். அவர் அடுப்புக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் புகை.

"சூடு தெரியுதா லதா?"

"தெரியுதுங்க."

"காலுலயும்?"

"ரெண்டு காலுலயும். இதமா இருக்கு."

"போதுமா, இன்னும் வைக்கவா?"

தோள் குளிர்கிறதே என்று, "வைங்க" என்றேன்.

வைத்தார். பெரிய கட்டையாக இரண்டு.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "சொல்லுத்தா" என்று நிமிர்ந்தார். புகையில் கண்ணீர் வழிய, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, காற்றில் சாரலில் அடுப்பை அணையவிடாமல் பிடித்துவிட்ட சந்தோசத்தில் இருந்தார். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அரை மணி நேரம் இருந்திருப்பேன். மீட்டர் முப்பத்து நாலைத் தொட்டது. "பாத்தியா, பிடிச்சிட்டேன்ல!" என்று கத்தினார். பிறகு சங்கிலியை இழுத்து என்னைத் தூக்கினார். மதினி துண்டோடு வந்து காலைத் துடைத்தார்.

"ஏலே தம்பி" என்றார் மதினி. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. "துண்டுல என்னலே இது?"

வலது குதிகாலின் தோல் துண்டோடு வந்திருந்தது. வெந்த கிழங்குத் தோல் மாதிரி. அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் விளிம்பில் மண்டியிட்டு அடுப்பு வாய்ப் பக்கம் தண்ணிக்குள் கையை விட்டுத் துழாவினார். தண்ணியில் ஊறி உப்பி, ஆணி துருப்பிடித்து, ரெட்டைச் சட்டமும் ஒரு பக்கம் விலகியிருந்தது. நான் சுவரில் சாய்ந்திருந்தபோது என் குதிகால் தொய்ந்து இறங்கியிருந்த அந்த இடைவெளியில் கையை நுழைத்துக் குழாயைத் தொட்டார். கொதிக்கிற ஸ்டோருக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் கை நாலெண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நடந்தது முழுசாக உறைத்தது.

"அரை மணி நேரம் காலு இதுமேலயா கெடந்துச்சு?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "லதா, ரெண்டு காலுலயும் தெரியுதுன்னியே. இதமா இருக்குன்னியே."

நான் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஓடி ஒளியக்கூட எனக்குக் கால் இல்லை.

"எப்ப இருந்து தெரியல?"

"எப்பவுமே தெரியலங்க."

"மதுரையில? நான் வெரலத் தொட்டப்ப?"

"அப்பவும்தான்."

திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் எழுந்து செயின் பிளாக்கைப் பிடித்து, வழக்கத்தைவிட மெதுவாக என்னை நாற்காலியில் இறக்கினார். அப்புறம் ஒரு வாளித் தண்ணியை அடுப்பில் ஊற்றினார். கொல்லை முழுக்கச் சாம்பல் பறந்தது.

குதிகால் எலும்பு வரைக்கும் வெந்துபோயிருந்தது. தேனியில் படுக்கவைத்து, செத்த சதையைச் சுரண்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். முதலில் ஒட்டியது பிடிக்கவில்லை. மறுபடியும் எடுத்தார்கள், மறுபடியும் ஒட்டினார்கள். இத்தனைக்கும் எனக்கு ஒரு பொட்டு வலி இல்லை. வலி முழுக்க அவர் முகத்தில்தான் பார்த்தேன். ஜெபஷீலா வந்து என் தலையைக் கோதிவிட்டு, "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா" என்று அழுதாள். அவள்மேல் என்ன தப்பு இருக்கிறது?

நாலு மாசம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவர் குழாயைப் பெயர்த்து எடுத்திருந்தார். அடுப்பையும் இடித்துவிட்டார். தொட்டி வெறுமனே கிடந்தது. மதினி அதற்குள் தேங்காய் மட்டையை அடுக்கியிருந்தார். என் வீட்டுக்காரர் பழையபடி மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார், அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். முன்பெல்லாம், "குளுருதா?", "காபி சூடு போதுமா?", "பசிக்குதா?" என்று வாய் ஓயாது. இப்போது போர்வைக்குள் கையை விட்டு அவரே பார்த்துக்கொள்வார். பசிக்கவில்லை என்று நான் சொன்னால் மதினியைப் பார்த்து, "காலையில எத்தனை இட்லி தின்னா?" என்பார். காபியைக் கொடுக்குமுன் டம்ளருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். வாய் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, அதில் சூடும் நன்றாகத் தெரிகிறது.

தை மாசம் ஜெபஷீலா குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புண்ணு சுத்தமா ஆறிருச்சு. இனி தண்ணியில எறங்கலாம்" என்றாள். எனக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் அவர் மலையிலிருந்து இறங்கி வந்து, கைகால் கழுவி, காபி டம்ளரோடு என் பக்கத்தில் உட்காரும்வரைக்கும் மனசுக்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து யாரிடமும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

"ஏங்க, அந்தத் தொட்டியில தண்ணி விடுங்க."

அவர் காபியை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு வேணாம். கொழாய் வேணாம். வெயில்ல கெடந்து காயுற தண்ணி போதும், மத்தியானம் எறக்கி விடுங்க. காலுக்காக இல்லங்க. காலு வராது, அது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். தண்ணிக்குள்ள எனக்குக் கனமே இல்ல. நானே தள்ளிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போனேன்ல, பாத்தீகள்ல? நீங்க கட்டுனதுல எனக்குக் கெடைச்சது அதுதான். மொத நாளே அதத்தான் சொல்லணும்னு நெனச்சேன், சொல்லாமப் போயிட்டேன். அம்புட்டு சந்தோசமா நான் எங்கயும் இருந்ததில்லங்க."

ஒன்றரை வருசத்தில் அவர் கேட்காமல் நானாக அவரிடம் சொன்ன முதல் நிஜம் அது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. ரொம்பக் களைத்துப் போன ஆளின் பார்வை. என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"இதையும் எனக்காகத்தான் சொல்றியா லதா? பாவம், கட்டுனது வீணாப் போச்சேன்னு மனசு நோகுவான்னு?"

"இல்லங்க. நெசமாத்தான்."

அவர் பார்வை மாறவில்லை.

"சத்தியமா" என்றேன்.

மதுரையில் சொன்ன அதே சத்தியமா. அதே குரல். என் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"சரித்தா" என்றார். டம்ளருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "குடிக்கிற சூடுதான்" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.